வாரத்தின் முதல் நாள் எது?

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவன், தன் பிழையைப் பிள்ளைகளின் முன்னிலையில் ஒப்புக்கொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும். அத்தகைய பிழை ஒன்றிலிருந்துதான் இக்கட்டுரை பிறந்தது.

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகளை ஒட்டி அமைந்துள்ள ஊர் செம்மங்குப்பம். அவ்வூரில் தங்கி ஆலை வேலைக்குச் செல்லும் ஒருவரின் மகள், நான் பாடம் நடத்தும் மதரஸாவுக்குப் பேருந்தில் வந்து ஓதுபவள். வயது பத்து. முப்பது ஆயத்துகள் கொண்ட சூரத்துல் முல்கை நான்கே மாதங்களில் மனனம் செய்து முடித்தாள். ஆண்டுத் தேர்வில் வெளியூரிலிருந்து வரும் ஹஜ்ரத் ஒருவரின் முன்னால் ஓதிக் காட்ட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

தேர்வுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பின் நான் அறிவிப்புப் பலகையில் இவ்வாறு எழுதினேன்: “அடுத்த வாரத்தின் முதல் நாள் காலை 9 மணிக்குத் தேர்வு.” என் மனத்தில் இருந்தது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று தேர்வு நடந்தது. பிள்ளைகள் ஓதினார்கள், பரிசுகள் வழங்கப்பட்டன, தேர்வாளர் அஸ்ர் தொழுதுவிட்டு ஊர் திரும்பினார். மறுநாள் திங்கட்கிழமை காலை 9 மணிக்கு அச்சிறுமி புத்தாடை உடுத்தி, தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு மதரஸா வாசலில் வந்து நின்றாள்.

“ஹஜ்ரத், இன்றுதானே வாரத்தின் முதல் நாள்?” என்று கேட்டாள்.

அவளுடைய தந்தை இரவு முறை வேலையை முடித்துவிட்டு உறங்காமல் வந்திருந்தார். தம் கைப்பேசியைத் திறந்து என்னிடம் காட்டினார். அதிலிருந்த நாட்காட்டியில் முதல் கட்டம் திங்கள். கடைசிக் கட்டம் ஞாயிறு. அவர் துபாயில் வேலை பார்த்த காலத்தில் அமைந்த ஏற்பாடு அது. என் மேசைமேல் இருந்த நாட்காட்டியிலோ முதல் கட்டம் ஞாயிறு. அவர் பார்த்ததும் சரி. நான் பார்த்ததும் சரி. ஆனால் அச்சிறுமி தேர்வை இழந்தாள்.

இருவரும் சரியாக இருக்கும்போது ஒரு குழந்தை ஏன் ஏமாற்றமடைய வேண்டும்? அன்று முதல் இக்கேள்வி என்னை விடவில்லை. வாரத்தின் முதல் நாள் என்று உண்மையிலேயே ஒன்று உண்டா? உண்டென்றால் அதை யார் முடிவு செய்தார்? இன்று கைப்பேசியிலும் கணினியிலும் அதை நாமே மாற்றிக்கொள்ள முடிகிறதே, அந்த மாற்றம் எவற்றையெல்லாம் மாற்றுகிறது? இவற்றைச் சற்று ஆராய்வோம்.

பெயருக்குள் இருக்கும் எண்

அரபு மொழியில் கிழமைகளின் பெயர்களே எண்களாக இருப்பதை நம் மக்தப் பிள்ளைகளும் அறிவர். அஹத் என்றால் ஒன்று, இஸ்னைன் இரண்டு, ஸுலாஸா மூன்று, அர்பஆ நான்கு, கமீஸ் ஐந்து. ஆக, ஞாயிறு ஒன்றாகவும் வியாழன் ஐந்தாகவும் எண்ணப்படுகின்றன. இஸ்லாத்துக்கு முந்திய அரபிகள் கிழமைகளுக்கு வழங்கிய பழைய பெயர்களிலும் ஞாயிற்றுக்கு ‘அவ்வல்’, அதாவது முதலாவது, என்ற பெயரே இருந்தது. வெள்ளியை அவர்கள் ‘அரூபா’ என்றனர். மக்கள் ஒன்றுகூடும் நாள் என்னும் பொருளில் ‘ஜும்ஆ’ என்ற பெயர் பின்னர் நிலைபெற்றது. மலாய் மொழி இப்பெயர்களை அரபியிலிருந்து பெற்றுக்கொண்டது. அஹத், இஸ்னின், செலாசா, ரபு, காமிஸ், ஜுமாஅத், சப்து என்று மலேசியாவில் வழங்குவதை அங்கு சென்று வந்தோர் அறிந்திருப்பர்.

பாரசீகத்தில் சனிக்கிழமை ‘ஷம்பே’. அதற்கு அடுத்த ஞாயிறு ‘யெக்ஷம்பே’, அதாவது ஒன்றாம் ஷம்பே. பெயரில் ஒன்று என்று இருப்பது ஞாயிறே. ஆயினும் ஈரான் நாட்டு நாட்காட்டிகளில் முதல் கட்டத்தில் அச்சாவது சனி. பெயர் ஒன்றைச் சொல்ல, கட்டம் வேறொன்றைச் சொல்கிறது.

போர்த்துகீசிய மொழியில் திங்கட்கிழமைக்கு இரண்டாம் நாள் என்று பெயர். கிரேக்கத்திலும் அவ்வாறே. ஆனால் ரஷ்ய மொழியில் செவ்வாய்க்கிழமையின் பெயர்தான் இரண்டு என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. அதாவது அவர்களுடைய எண்ணிக்கை திங்களில் தொடங்குகிறது. சீனரும் திங்களையே ஒன்று என எண்ணுகின்றனர்.

நம் தமிழில் எண்கள் இல்லை. கோள்களின் பெயர்களே உள்ளன. கிழமை என்னும் சொல்லுக்கு உரிமை என்பது பழம்பொருள். ஒவ்வொரு நாளும் ஒரு கோளுக்கு உரியது என்ற பழங்காலக் கருத்து அப்பெயர்களில் தங்கியிருக்கிறது. அக்கருத்தை நாம் ஏற்பதில்லை. பெயர்களை மட்டும் அடையாளத்துக்காக வழங்கி வருகிறோம். அவ்வரிசையும் ஞாயிற்றில்தான் தொடங்குகிறது.

மார்க்க அறிஞர்களின் பார்வை

இவ்விஷயத்தில் நம் முன்னோர்களான அறிஞர்களிடையேயும் கருத்து வேறுபாடு இருந்தது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். ஹிஜ்ரி 310இல் மறைந்த இமாம் தபரீ அவர்கள் தமது பெரும் வரலாற்று நூலின் தொடக்கப் பகுதியிலேயே, படைப்பு எந்தக் கிழமையில் தொடங்கிற்று என்பதை விரிவாக விவாதிக்கிறார். தவ்ராத்தையுடையோர் ஞாயிறு என்றும், இன்ஜீலையுடையோர் திங்கள் என்றும், முஸ்லிம்களாகிய நாம் சனி என்றும் கூறுவதாக இப்னு இஸ்ஹாக் தெரிவித்த செய்தியை அங்கு அவர் பதிவு செய்கிறார். அதன்பின் தம் சொந்த முடிவாக ஞாயிற்றையே வலுவானதாகக் கொள்கிறார். சனிக்கிழமையைக் குறிப்பிடும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றிருப்பினும், அது நபி (ஸல்) அவர்களின் கூற்றன்று, கஅபுல் அஹ்பாரின் கூற்றே என்பது இமாம் புகாரீ முதலியோரின் ஆய்வு.

இத்தகைய வேறுபாடு இருந்தும், அதனால் எந்த வணக்கமும் மாறிவிடவில்லை என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். மார்க்கம் கிழமைகளை அவற்றின் பெயராலேயே குறித்தது. வாரத்தில் அவை எத்தனையாவது இடத்தில் நிற்கின்றன என்பதைக் கொண்டு குறிக்கவில்லை. திங்களும் வியாழனும் நோன்பு நோற்பது சுன்னத். திங்களை வாரத்தின் முதல் நாளாக எண்ணினாலும் இரண்டாம் நாளாக எண்ணினாலும் நோன்பு திங்களன்றுதான். வெள்ளியன்று சூரத்துல் கஹ்ஃப் ஓதுகிறோம். அந்த வெள்ளி கட்டத்தின் நடுவில் இருந்தால் என்ன, ஓரத்தில் இருந்தால் என்ன?

வெள்ளியைப் பற்றி இன்னுமொரு செய்தி. நாம் இறுதியில் வந்த சமுதாயமாக இருந்தும் மறுமையில் முந்தியவர்கள் என்றும், ஜும்ஆ நாள் நமக்கு உரியதாக, அடுத்த நாள் யூதர்களுக்கும் அதற்கடுத்த நாள் கிறிஸ்தவர்களுக்கும் அமைந்தன என்றும் நபி (ஸல்) அவர்கள் அருளியதாக ஸஹீஹுல் புகாரீயில் காண்கிறோம். அதே நேரத்தில், ஜும்ஆவுக்கு அழைக்கப்பட்டால் வணிகத்தை விட்டு விரையுமாறும், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுமாறும் திருக்குர்ஆன் 62ஆம் அத்தியாயம் கட்டளையிடுகிறது. வெள்ளி நமக்குச் சிறப்புமிக்க நாள். ஆனால் உழைப்பு தடை செய்யப்பட்ட நாளன்று. எனவே வார விடுமுறை எந்த நாளில் அமைவது, வாரம் எந்த நாளில் தொடங்குவது என்பன மக்களின் வசதிக்கும் ஆட்சியாளரின் ஏற்பாட்டுக்கும் விடப்பட்டவை என்று கொள்வதில் தவறில்லை.

விடுமுறை நகர்ந்த வரலாறு

அந்த ஏற்பாடு எத்தனை முறை மாறியிருக்கிறது என்பதை வரலாறு சொல்கிறது.

நம் நாட்டில் ஆலைத் தொழிலாளர்களுக்கு வார விடுமுறை எளிதில் கிடைத்துவிடவில்லை. மும்பை ஆலைத் தொழிலாளர்களின் தலைவரான நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டுகள் போராடிய பின்னரே, 1890ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் ஞாயிறு விடுமுறை ஒப்புக்கொள்ளப்பட்டது. விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், வாரம் என்பது சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்கும் ஏழு நாட்கள் என்று வரையறுத்தது. அதோடு நிற்காமல், ஒரு குறிப்பிட்ட பகுதிக்குத் தலைமை ஆய்வாளர் எழுத்து மூலம் ஒப்புதல் அளித்தால் வேறோர் இரவிலிருந்தும் வாரம் தொடங்கலாம் என்று இடம் கொடுத்தது. இன்று கணினியில் நாம் காணும் ‘வாரத்தின் முதல் நாளைத் தேர்ந்தெடுக்கவும்’ என்னும் வசதியை, கணினி வருவதற்கு முன்பே சட்டம் வழங்கியிருந்தது எனலாம்.

பாகிஸ்தானில் 1977இல் வார விடுமுறை ஞாயிற்றிலிருந்து வெள்ளிக்கு மாற்றப்பட்டது. 1997இல் மீண்டும் ஞாயிற்றுக்கே வந்தது. இலங்கையில் 1966 முதல் 1971 வரை ஞாயிறு விடுமுறை நீக்கப்பட்டு, நிலவின் பிறைநிலைகளையொட்டி வரும் போயா நாட்களே வார விடுமுறையாக இருந்தன. நிலவின் கணக்கு ஏழு நாட்களுக்குள் சரியாக அடங்குவதில்லையாதலால், சில வாரங்கள் ஏழு நாட்களைக் கடந்தும் நீண்டன. வெளிநாட்டு வணிகத்துக்கு அது இடையூறாயிற்று. ஐந்தாண்டுகளில் அந்த முறை கைவிடப்பட்டது.

நம் வீட்டுப் பிள்ளைகள் பிழைக்கச் சென்றிருக்கும் வளைகுடா நாடுகளைப் பாருங்கள். சவூதி அரேபியாவில் நெடுங்காலம் வியாழனும் வெள்ளியும் விடுமுறை. வேலை வாரம் சனியன்று தொடங்கிற்று. 2013 ஜூன் இறுதியில் விடுமுறை வெள்ளி, சனி என மாறி, வேலை வாரம் ஞாயிற்றில் தொடங்கியது. ஐக்கிய அரபு அமீரகம் 2006இல் வெள்ளி, சனி என மாற்றிக்கொண்டது. 2022 ஜனவரியில் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி அரை நாள், சனியும் ஞாயிறும் முழு நாள் என மீண்டும் மாற்றிற்று. ஷார்ஜா மட்டும் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாட்களையும் விடுமுறையாக்கியது. மலேசியாவின் ஜொகூர் மாநிலம் 2014இல் வெள்ளி, சனி விடுமுறைக்குச் சென்று, 2025 ஜனவரியில் சனி, ஞாயிறுக்குத் திரும்பியது.

ஒரு தாய்க்கு ஒரு மகன் ரியாதிலும் மற்றொரு மகன் துபாயிலும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவன் ஞாயிறு காலையில் வேலைக்குப் புறப்படுகிறான்; இளையவன் அன்று வீட்டில் ஓய்வெடுக்கிறான். “வாரத் தொடக்கத்தில் பணம் அனுப்புகிறேன், அம்மா” என்று இருவரும் சொன்னால், இருவரும் சொல்வது ஒரே நாளையன்று.

கணினி எதைக் கொண்டு முடிவு செய்கிறது?

இனி நம் கையிலுள்ள கருவிக்கு வருவோம். இணையத்தில் இயங்கும் ஒரு நாட்காட்டிச் செயலியைத் திறந்தவுடன், நாம் எதுவும் சொல்லாமலே அது ஏதோ ஒரு கிழமையை முதல் கட்டத்தில் வைத்துக் காட்டுகிறது. அதை அது எவ்வாறு அறிந்தது?

உலக மொழிகளின் எழுத்துருக் குறியீடுகளை ஒழுங்குபடுத்தும் யூனிகோட் அமைப்பு, ஒவ்வொரு நாட்டின் வழக்கங்களையும் தொகுத்து ஒரு பொதுத் தரவுக் களஞ்சியத்தைப் பேணி வருகிறது. தேதியை எப்படி எழுதுவது, எண்களுக்கிடையே காற்புள்ளியை எங்கே இடுவது, வாரத்தை எங்கே தொடங்குவது என்பனவெல்லாம் அதில் உள்ளன. பெரும்பாலான செயலிகளும் கைப்பேசிகளும் நாம் தேர்ந்தெடுத்த நாட்டின் பெயரைக் கொண்டு அங்கிருந்தே விடையைப் பெறுகின்றன. அக்களஞ்சியத்தின்படி இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் முதல் நாள் ஞாயிறு. இலங்கைக்கும் மலேசியாவுக்கும் திங்கள். தமிழ் ஒன்றே, தமிழர் வாழும் நான்கு நாடுகளுக்கு முதல் நாள் இரண்டு! எகிப்து, குவைத், கத்தார், ஓமன் முதலியவற்றுக்குச் சனி. வெள்ளியை முதல் நாளாகக் கொண்டதாக அதில் குறிக்கப்பட்டிருப்பது மாலத்தீவு மட்டுமே.

அனைத்துலகத் தர நிர்ணய அமைப்பு 1988இல் வெளியிட்ட 8601 என்னும் தரமோ திங்களையே முதல் நாளாகக் கொள்கிறது; திங்களுக்கு 1, ஞாயிற்றுக்கு 7. ஆனால் இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஞாயிற்றுக்கு 0, சனிக்கு 6. செயலியை உருவாக்குவோர் இவ்விரண்டையும் கலந்துவிட்டால், நாட்காட்டியில் தலைப்பு ஒரு கிழமையையும் அதன்கீழ் உள்ள தேதி வேறொரு கிழமையையும் காட்டிவிடும். கணினி பயிலும் நம் இளைஞர்கள் இதில் விழிப்பாக இருத்தல் வேண்டும். பயனாளர் விரும்பிய முதல் நாளைச் செயலி ஓரிடத்தில் மட்டும் சேமித்து, மாத அட்டவணை, வார அட்டவணை, அறிக்கை ஆகிய அனைத்தும் அந்த ஓரிடத்தையே பார்க்கும்படி செய்வது நல்ல முறை.

நாமே மாற்றிக்கொள்வதும் எளிது. கூகுள் நாட்காட்டியில் அமைப்புகள் பகுதிக்குச் சென்றால், வாரம் எந்நாளில் தொடங்க வேண்டும் என்று கேட்கும் இடத்தில் சனி, ஞாயிறு, திங்கள் ஆகியவை தரப்பட்டுள்ளன. மைக்ரோசாப்ட் அவுட்லுக்கில் ஏழு நாட்களில் எதையும் தேர்ந்தெடுக்கலாம். வெள்ளியன்று விடுமுறை விடும் அரபி மதரஸாக்களுக்குச் சனியை முதல் கட்டத்தில் வைப்பது வசதி. வெள்ளி அப்போது கடைசிக் கட்டத்துக்குச் சென்று, ஆறு பாட நாட்களும் ஒரே வரிசையில் தொடர்ச்சியாக நிற்கும். பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைகள் உள்ள வீட்டில் திங்களை முதலில் வைத்தால், சனியும் ஞாயிறும் ஒருசேர வலப்பக்கம் அமையும்.

மாறுவது எது? மாறாதது எது?

முதல் நாளை மாற்றினால் குறித்து வைத்த நிகழ்ச்சிகள் இடம் மாறிவிடுமோ என்று சிலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் வேண்டியதில்லை. 14ஆம் தேதி நிகாஹ் என்று குறித்திருந்தால் அது 14ஆம் தேதியிலேயே இருக்கும். கட்டம் மட்டும் நகரும். ஆனால் மூன்று இடங்களில் கவனம் தேவை.

முதலாவது, ‘இந்த வாரம்’, ‘அடுத்த வாரம்’ என்னும் சொற்கள். வெள்ளிக்கிழமையன்று ஒருவர், “அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்” என்கிறார். ஞாயிற்றில் வாரம் தொடங்குவதாக எண்ணுபவருக்கு அது நாளை மறுநாள். திங்களில் தொடங்குவதாக எண்ணுபவருக்கோ அது ஒன்பது நாள் கழித்து வரும் ஞாயிறு. பெண் பார்க்க வருவோர் விஷயத்திலும், மருத்துவர் குறித்துக் கொடுத்த நாள் விஷயத்திலும் இந்த ஏழு நாள் இடைவெளி எத்தகைய சங்கடத்தை உண்டாக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, வாரக் கணக்குகள். கடையின் வார விற்பனை, தொழிலாளரின் வாரக் கூலி, மாணவரின் வார வருகை ஆகியவற்றைச் செயலி கூட்டிச் சொல்லும்போது, ஞாயிற்றின் கணக்கு முந்திய வாரத்தில் சேருமா, பிந்திய வாரத்தில் சேருமா என்பது முதல் நாளைப் பொறுத்தது. மாதக் கூட்டுத்தொகை மாறாது. வாரத் தொகை மாறும். கூட்டு வணிகம் செய்வோர் இருவரும் ஒரே முதல் நாளை வைத்திருப்பது மனக்கசப்பைத் தவிர்க்கும்.

மூன்றாவது, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் நிகழ்பவை. 2026 மே மாதத்தை எடுத்துக்கொள்வோம். பெண்களுக்கான மார்க்க வகுப்பு ஒன்று 5ஆம் தேதி செவ்வாயன்று தொடங்குகிறது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், செவ்வாயும் ஞாயிறும் வகுப்பு என்பது ஏற்பாடு. வாரம் திங்களில் தொடங்குவதாகக் கொண்டால் வகுப்பு நாட்கள் 5, 10, 19, 24. வாரம் ஞாயிற்றில் தொடங்குவதாகக் கொண்டாலோ 5, 17, 19, 31. கட்டளை ஒன்றே, நான்கு நாட்களில் இரண்டு மாறிவிட்டன! கணினிகள் தமக்குள் நாட்காட்டிச் செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும் அனைத்துலக விதிமுறையில் இதற்காகவே வாரத் தொடக்கத்தைக் குறிப்பிடத் தனி இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. ஐயமிருப்பின் ஓர் அச்சுப் பட்டியல் எடுத்து, தேதிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதே பாதுகாப்பு.

இவற்றோடு நம் சமுதாயத்துக்கே உரிய இன்னொரு நுட்பமும் உண்டு. இஸ்லாமிய முறையில் நாள் மஃரிபில் தொடங்குகிறது. நம் வீடுகளில் பெரியவர்கள் ‘வெள்ளி இரவு’ என்று சொன்னால் அது வியாழன் மாலை மயங்கிய பின் வரும் இரவு. கணினியோ நள்ளிரவு 12 மணிக்கே அடுத்த நாளைத் தொடங்குகிறது. அதனிடம் ‘வெள்ளி இரவு’ என்று குறித்தால் ஒரு நாள் பிந்திவிடும். எந்த அமைப்பை மாற்றினாலும் இது சரியாகாது. குறிப்பவர்தாம் ‘வியாழன் மஃரிபுக்குப் பின்’ என்று தெளிவாக எழுத வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

வாரத்தின் முதல் நாள் என்பது மனிதர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு. ஆகவே அவரவர் திரையில் அவரவருக்கு ஏற்ற நாளை முதலில் வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. ஆனால் என் திரையில் உள்ள வரிசை பிறர் திரையிலும் இருக்கும் என்று எண்ணிப் பேசுவதுதான் குற்றம். நான் செய்தது அதுவே.

எனவே ஒருவரிடம் நாள் குறிக்கும்போது கிழமையின் பெயரையும் தேதியையும் சேர்த்தே சொல்லுங்கள். ‘முதல் நாள்’, ‘வாரக் கடைசி’, ‘அடுத்த வாரம்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். ஜமாஅத் அறிவிப்புகளிலும் திருமண அழைப்பிதழ்களிலும் ஹிஜ்ரி தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை மூன்றையும் எழுதும் நம் முன்னோர் வழக்கம் எவ்வளவு அறிவார்ந்தது என்பது இப்போது விளங்குகிறது. ஒன்றில் பிழை நேர்ந்தாலும் மற்ற இரண்டும் காட்டிக் கொடுத்துவிடும். வீட்டில் பலர் ஒரே நாட்காட்டியைப் பகிர்ந்துகொண்டால், ஒருமுறை அமர்ந்து அனைவருடைய கைப்பேசியிலும் முதல் நாளை ஒன்றுபோல் வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் தொங்கும் நாட்காட்டியோடும் அது ஒத்திருக்கட்டும். முதியவர்கள் தலைப்பைப் படிப்பதில்லை. கட்டம் இருக்கும் இடத்தைக் கொண்டே கிழமையை அறிகிறார்கள். அவர்களுக்கு அறிவிக்காமல் வரிசையை மாற்றாதீர்கள்.

வாக்குறுதியை நிறைவேற்றுமாறு நம் மார்க்கம் வலியுறுத்துகிறது. நிறைவேற்றுவதற்கு முன், அந்த வாக்கு மற்றவருக்குத் தெளிவாக விளங்கும்படி சொல்லப்பட்டிருக்க வேண்டும். குழப்பமான சொல்லைக் கொடுத்துவிட்டு, வந்தவரைக் குறை சொல்வது நேர்மையாகாது.

அன்று அச்சிறுமியை நான் திருப்பி அனுப்பவில்லை. அவளையும் தந்தையையும் உள்ளே அழைத்து அமர வைத்தேன். தேர்வாளரோடு கைப்பேசியில் தொடர்புகொண்டு நடந்ததைக் கூறி, பிழை என்னுடையது என்றேன். அவர் அங்கிருந்தவாறே செவிமடுக்க இசைந்தார். கைப்பேசியை ரஹ்லின் மீது வைத்தோம். முப்பது ஆயத்துகளையும் ஓரிடத்திலும் தடுமாறாமல் அவள் ஓதி முடித்தாள். இரவெல்லாம் ஆலையில் நின்று வந்த அவள் தந்தை, சுவரில் சாய்ந்தவாறு கண்ணீர் மல்கக் கேட்டுக்கொண்டிருந்தார். மதிப்பெண் வழங்கப்பட்டது. ஆயினும் மற்றப் பிள்ளைகளோடு அமர்ந்து, அவர்கள் முன்னிலையில் பரிசு வாங்கும் மகிழ்ச்சியை நான் அவளுக்குத் திருப்பிக் கொடுக்க இயலவில்லை.

மறுநாள் பிள்ளைகள் அனைவரையும் கூட்டி, அறிவிப்புப் பலகையில் எழுதிய வாசகத்தைத் திரும்ப எழுதிக் காட்டி, அதில் என்ன பிழை என்று கேட்டேன். அச்சிறுமியே எழுந்து விடை சொன்னாள்: “நாளின் பெயர் இல்லை, ஹஜ்ரத்.”

இப்போது எங்கள் பலகையில் கிழமையும் இரு தேதிகளும் இல்லாமல் எந்த அறிவிப்பும் எழுதப்படுவதில்லை. எழுதி முடித்ததும் ஒரு பிள்ளை அதை உரக்கப் படித்துச் சரிபார்க்கிறது. காலத்தைப் பேணி நடக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.